பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படி

மதுரை,
17 நவம்பர் 2024

அன்புள்ள கதிர்,

ரிசல்ட் வந்துவிட்டது என்று நேற்று நீ சொன்னதும் அம்மா முகம் சுண்டிப்போய்விட்டது. "அக்காவுக்கு வந்த அதே வியாதியா? அவகிட்டயே கேட்டுக்கோ" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். போனில் சொன்னால் நீ "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே லேப்டாப்பில் வேறு எதையாவது பார்த்துக்கொண்டிருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வை.

உனக்கு இது வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. சீலியாக் பரம்பரையில் ஓடுகிற நோய். ஒருவருக்கு இருந்தால் அவருடைய பெற்றோர், பிள்ளைகள், கூடப் பிறந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருக்கும். ஸ்டுட்கார்ட்டில் படித்தபோது எனக்குக் கண்டுபிடித்த கையோடு உன்னையும் ரத்தப் பரிசோதனைக்குப் போகச் சொன்னேன். ஊசி என்றதும் ஓடிவிட்டாய். போகட்டும். ஊரில் இருந்தவரை மூன்று வேளையும் இட்லி, தோசை, சோறு என்று ஓடிவிட்டது. கோதுமை என்றால் எப்போதாவது ஒரு பரோட்டா. படிக்க ஜெர்மனியின் ஆகன் போன பிறகு காலையில் ரொட்டி, மதியம் பாஸ்தா, ராத்திரி பீட்சா. குடல் எத்தனை நாள் பொறுக்கும்?

இந்தியாவின் பல பகுதிகளில் நடத்தி 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்பொருள் வடக்கே நூற்றுக்கு 1.23 பேரின் ரத்தத்திலும் தெற்கே 0.10 பேரின் ரத்தத்திலும் இருந்தது. இதற்குத் தோதான மரபணு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கிறது. பெரிய வித்தியாசம் கோதுமை சாப்பிடும் அளவில்தான். நம் ஊரில் யாரும் இந்தப் பெயரைக் கேள்விப்படாததற்கும் இதுதான் காரணம். பெரியம்மாவிடம் சொன்னால் "கோதுமை ஒத்துக்கலையா? அது வாயுவா இருக்கும், ஓமம் மெல்லச் சொல்லு" என்பாள். அவளோடு வாதாடாதே.

டாக்டர் ஜெர்மனில் விளக்கியது பாதிதான் புரிந்தது என்றாயே, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோதுமை, பார்லி, ரை மூன்றிலும் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் உன் உடம்பின் எதிர்ப்புச் சக்தி உன் சிறுகுடலையே தாக்குகிறது. குடலின் உள்சுவரில் டர்க்கித் துண்டின் நூல்முனைகள் மாதிரி நிற்கும் உறிஞ்சிகள் தேய்ந்து மொட்டையாகிவிடுகின்றன. அப்புறம் சாப்பிட்டதில் இரும்பும் கால்சியமும் உடம்பில் சரியாகச் சேராது. பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையை உடைக்கிற லாக்டேஸ் என்சைமும் அந்த முனைகளில்தான் இருக்கிறது. முனை தேய்ந்ததால்தான் பாலும் உனக்கு எதிரியாகிவிட்டது.

ஆகவே உனக்கு இரண்டு தடை. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதே. குளூட்டன் ஆயுசுக்கும் கிடையாது. பால் இப்போதைக்குத்தான் கிடையாது. குடல் ஆறியதும், சில மாதங்களிலோ இன்னும் கொஞ்சம் தாமதமாகவோ, பலருக்குப் பால் திரும்ப ஒத்துக்கொள்ளும். நம் பக்கத்தில் வளர்ந்த பிறகு இயல்பாகவே பால் செரிக்காதவர்களும் நிறையப் பேர் உண்டு. நீ அந்த ரகமா என்பது பிறகுதான் தெரியும். பாலில் தவறினால் ஒரு நாள் வயிறு கடமுடா என்று உருளும், அவ்வளவுதான். குளூட்டனில் தவறினால் வலியே இல்லாமலும் குடல் கெடும். "நேத்து சாப்பிட்டேன், ஒண்ணும் ஆகல" என்று என்னிடம் சொல்லாதே. தினமும் 50 மில்லிகிராம் குளூட்டனை 3 மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் குடல் முனைகள் தேயத் தொடங்கியிருந்தன. ஒரு துண்டு ரொட்டியில் 2 கிராமாவது இருக்கும். நாற்பதில் ஒரு பங்கு என்றால் அது ஒரு வாய்கூட வராது, உதிர்கிற தூள்தான்.

சரி, சமையலுக்கு வருகிறேன்.

சூப்பர் மார்க்கெட்டில் 'குளூட்டன்ஃப்ரை' (குளூட்டன் இல்லாதது) என்று தனியாக ஒரு அலமாரி இருக்கும். முதலில் அந்தப் பக்கமே போகாதே. அங்கே இருக்கிற ரொட்டி முக்கால்வாசி மாவுச்சத்தும் பசையும். சாதாரண ரொட்டியைவிடப் பல மடங்கு விலை, பையில் இருக்கும்போதே உதிரும். ரொட்டியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது ஓர் ஆறுதல். நமக்கு என்ன தலையெழுத்து? தாத்தா விருதுநகர்க் கரிசக்காட்டில் விதைத்த எதிலும் குளூட்டன் கிடையாது. கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, பாசிப்பயறு, எள் எல்லாமே உனக்கு ஆகும். கேழ்வரகு, தினை, சாமை, வரகும் அப்படியே. அரிசியைச் சொல்லவே வேண்டாம். உனக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது புதுப் பத்தியம் இல்லை, நம் வீட்டுச் சாப்பாடு. அதை ஆகனில் ஒரு பொதுச் சமையலறையில் ஒழுங்காகச் செய்யத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஒரே ஒரு இழப்புக்கு மட்டும் நானும் உன்னோடு சேர்ந்து அழுகிறேன். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா. அதற்கு மாற்று கிடையாது. அரிசி மாவில் செய்து பார்க்கிறேன் என்று இறங்காதே, வீசுவதற்கு முன்பே கிழிந்துவிடும். மாவு இழுபட்டு வருகிறதே, அந்த இழுவையே குளூட்டன்தான்.

கடைக்குப் போனால் என்ன வாங்குவாய்? அரிசியும் உருளைக்கிழங்கும் எங்கும் கிடைக்கும். சிவப்பு லென்டில் என்று விற்பது மைசூர்ப் பருப்பு, பத்து நிமிஷத்தில் குழைந்துவிடும். டப்பாவில் கொண்டைக்கடலை, தேங்காய்ப்பால், தக்காளி. டிஎம் கடையில் 'ஹிர்ஸெ' என்று மஞ்சளாக ஒரு சிறுதானியம் இருக்கும். அது வேறொன்றும் இல்லை, நம் பனிவரகு. எனக்கு அது தெரிய வந்த அன்றைக்குத்தான் ஸ்டுட்கார்ட்டில் மனசு கொஞ்சம் நிலைகொண்டது. ஒரே ஆலையில் கோதுமையும் அரைபடும் என்பதால் சிறுதானியமும் மாவும் வாங்கும்போது மட்டும் உறையில் குளூட்டன்ஃப்ரை என்று இருக்கிறதா பார். ஐரோப்பாவில் அப்படி எழுத வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. பருப்பில் சில சமயம் கோதுமை மணியோ பார்லி மணியோ கலந்து கிடக்கும். ஆச்சி முறத்தில் புடைத்துப் பொறுக்குவாளே, அந்த மாதிரி ஒரு தட்டில் பரப்பிப் பார்த்துவிட்டுக் கழுவு.

உறையைப் படிக்கப் பழகு. அங்கே சட்டம் உனக்குத் துணை: பதினான்கு ஒவ்வாமைப் பொருட்களைச் சேர்மானப் பட்டியலில் தடித்த எழுத்திலோ வேறு வகையிலோ தனியாகத் தெரியும்படி போட்டாக வேண்டும். குளூட்டன் என்றே எழுதியிருக்கும் என்று எதிர்பார்க்காதே, தானியத்தின் பெயர்தான் இருக்கும். வைட்ஸன் கோதுமை, ரோகன் ரை, கெர்ஸ்டெ பார்லி, ஹாஃபர் ஓட்ஸ். டிங்கெல், க்ரூன்கெர்ன் இரண்டையும் பழங்காலத்துச் சத்துத் தானியம் என்று ஆகா ஓகோ என்று விற்பார்கள். இரண்டும் கோதுமை வம்சம், தொடாதே. புக்வைட்ஸன் மட்டும் பெயரில்தான் கோதுமை, தாராளமாக வாங்கு, தோசை ஊற்றலாம். மால்ட்ஸ் என்றால் பார்லி முளைகட்டியது, கார்ன்ஃபிளேக்ஸில்கூடப் புகுந்திருக்கும். நம் ஊர் ஹார்லிக்ஸிலும் அதுதான், கூடப் பாலும். சோயா சாஸில் கோதுமை உண்டு. ஓட்ஸ் இப்போதைக்கு வேண்டாம். குடல் ஆறிய பிறகு, சுத்தமானது என்று எழுதியதை மட்டும், டாக்டரைக் கேட்டுவிட்டு. பாலுக்கு மில்ஷ் (பால்), மோல்கெ, ஸானெ (கிரீம்) என்ற மூன்று சொல்லை முதலில் தேடு. மோல்கெ என்பது பால் திரிந்த தண்ணீரை உலர்த்திய தூள். பாப்ரிகா சிப்ஸிலும் சாசேஜிலும் அதைப் போட்டுவைத்திருப்பார்கள், ஏன் என்று அவர்களுக்கே வெளிச்சம்.

கொலோன் பக்கம் போனால் இலங்கைத் தமிழர் கடைகள் இருக்கும். ஸ்டுட்கார்ட்டில் எனக்குச் சோறு போட்டவர்களே அவர்கள்தான்: இட்லி அரிசி, உளுந்து, கறிவேப்பிலை, முருங்கைக்காய், நல்லெண்ணெய் எல்லாம் கிடைக்கும். ஆனால் ஒன்று. இடியாப்ப மாவு, புட்டு மாவு பாக்கெட்டைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவராதே. அவர்கள் வீட்டில் இடியாப்பத்துக்கும் புட்டுக்கும் அவித்த கோதுமை மா கலப்பது வழக்கம். யாழ்ப்பாணத் தோசையிலும் கோதுமை மா சேர்ப்பதுண்டு. கடை அண்ணாவிடமே கேள், ஒளிக்காமல் சொல்வார். யாராவது பாசத்தோடு வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாலும் முன்கூட்டியே சொல்லிவிடு.

அடுத்து இந்தக் கடிதத்தின் தலைப்புக்குக் காரணமான ஆள்: பெருங்காயம். நீ ஊரிலிருந்து கொண்டுபோன டப்பாவைத் திருப்பிச் சேர்மானத்தைப் படி. கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பகுதி மாவும் பிசினும்தான், பெருங்காயம் கொஞ்சம். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா. கட்டிப் பெருங்காயமும் விலக்கில்லை. அரிசி மாவு சேர்த்த வகை தேடினால் கிடைக்கும், கிடைக்கும்வரை விட்டுவிடு. தாளிக்கும்போது இரண்டு பல் பூண்டை நசுக்கிப் போட்டால் சாம்பார் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. பெருங்காயம் தனியாக மட்டும் வருவதில்லை என்பதையும் நினைவில் வை. சாம்பார்ப்பொடி, ரசப்பொடி, இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், அப்பளம், சாத்தூர் சேவு எல்லாவற்றிலும் ஒளிந்துகொண்டு வரும். அம்மா கொடுத்தனுப்பிய பொடிகளிலும் இருக்கிறது. அவளையே கேட்டேன், "வாசத்துக்குப் போடாம எப்படி" என்றாள். எல்லாவற்றையும் உன் வடக்கத்தி ரூம்மேட்டுக்குக் கொடுத்துவிடு. பெருங்காயம் இல்லாமல் புதிதாக இடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

ரூம்மேட் என்றதும் சமையலறை ஞாபகம் வருகிறது. ஆறு பேர் ஒரு அடுப்படியில் புழங்கும் இடத்தில் உன் சாப்பாடு கெடுவது பெரும்பாலும் பாத்திரத்தால்தான். உனக்கென்று ஒரு குக்கர், ஒரு தோசைக்கல், ஒரு வாணலி, ஒரு கரண்டி, ஒரு கத்தி, கழுவுகிற பஞ்சு. எல்லாவற்றையும் உன் அறையிலேயே வை. வேறு எதற்குச் சோம்பல்பட்டாலும் பாஸ்தா வடிகட்டிக்கு மட்டும் சோம்பல்படாதே, அதன் ஓட்டைகளில் ஒட்டியிருப்பதை யாராலும் முழுசாகக் கழுவ முடியாது. மரக் கரண்டியும் அப்படித்தான். பொது டோஸ்டர் பக்கம் போகாதே. ஜாம் பாட்டிலில் எல்லோரும் ரொட்டி தடவிய கத்தியை விட்டிருப்பார்கள், உனக்குத் தனிப் பாட்டில். ஒருவன் சப்பாத்திக்கு மாவு பிசைகிறான் என்றால் அந்த நேரம் உன் குழம்பை மூடி வை, அல்லது அவன் முடித்த பிறகு சமை. மாவு பறந்து வந்து உட்காரும். அவனோடு சண்டை போட வேண்டாம், "எனக்குக் கடுமையான அலர்ஜி" என்று ஒரு வரி சொல். டாக்டர் மொழியில் அது அலர்ஜி இல்லைதான், ஆனால் உலகத்துக்குப் புரிகிற சொல் அது.

உனக்குச் சமைக்கத் தெரிந்தது மேகியும் ஆம்லெட்டும். மேகி போய்விட்டது. ஆகவே கீழே எழுதுவதை வாரம் ஒன்றாகப் பழகிக்கொள்.

இட்லி மாவு: நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். ஊர் மிக்ஸி அங்கே ஓடும், கரண்ட் அளவு ஒன்றுதான், பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும். உளுந்தை ஐஸ் தண்ணீர் விட்டு அரை, மிக்ஸி சூடானால் மாவு பொங்காது. உப்புப் போட்டுக் கையாலேயே கலக்கு. குளிர்காலத்தில் வெளியே வைத்தால் இரண்டு நாள் ஆனாலும் அப்படியே கிடக்கும். ஓவனுக்குள் வைத்து உள்விளக்கை மட்டும் போட்டுவிடு, சூடு போடாதே. ஓவன் கதவில் 'உள்ளே மாவு இருக்கிறது' என்று ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் எழுதி ஒட்டு. பீட்சா சூடு பண்ண வருகிறவன் உள்ளே பார்க்காமல் 220 டிகிரியைத் திருகிவிடுவான். புளித்த மாவை ஃபிரிட்ஜில் வைத்தால் வாரம் முழுக்க ஓடும். முதல் மூன்று நாள் இட்லி, பிறகு தோசை, கடைசியில் வெங்காய ஊத்தப்பம்.

பரீட்சை வாரத்தில் மாவு புளிக்கக் காத்திருக்க நேரம் இருக்காது. அப்போது அடைதான். இரண்டு பங்கு அரிசி, ஒரு பங்கு கடலைப்பருப்பு, ஒரு பங்கு துவரம்பருப்பு, ஒரு கை உளுந்து, வரமிளகாய், சோம்பு, பூண்டு. மூன்று மணி நேரம் ஊறவைத்துக் கொரகொரவென்று அரைத்து உடனே ஊற்று. தேங்காய் எண்ணெயில் ஓரம் முறுகட்டும். இதில் பருப்பு பாதி இருப்பதால் ரெண்டு அடை தின்றால் லைப்ரரியில் நாலு மணி நேரம் பசிக்காது. என் கருத்தில் வெளியூரில் படிக்கிற பிள்ளைகளுக்கென்றே கண்டுபிடித்த பலகாரம் இது.

ஞாயிற்றுக்கிழமைக்குத் திருநெல்வேலி சொதி. சித்தி கல்யாணத்து மறுவீட்டு விருந்தில் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாயே, அதேதான். அதில் பாலும் இல்லை, கோதுமையும் இல்லை, பெருங்காயமும் வேண்டாம். பாசிப்பருப்பைக் குழைய வேகவை. உருளை, காரட், பீன்ஸ், கிடைத்தால் முருங்கைக்காய். டப்பாத் தேங்காய்ப்பாலில் பாதியை ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் விட்டுக் கலக்கினால் அது இரண்டாம் பால், காய் அதில் வேகட்டும். இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்த விழுதைச் சேர்த்துப் பச்சை வாடை போனதும் பருப்பைக் கொட்டு. கடைசியில் மிச்சமுள்ள கெட்டிப் பாலை ஊற்றி, நுரை கட்டும்போதே இறக்கிவிடு. கொதித்தால் திரிந்துபோகும். எலுமிச்சம்பழம் அடுப்பை அணைத்த பிறகுதான். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். உன்னோடு இருக்கும் ஜெர்மன் பிள்ளைகளுக்கும் ஒரு கிண்ணம் கொடு, காரம் குறைவு என்பதால் பிடிக்கும்.

பனிவரகில் வெண்பொங்கல் நன்றாக வரும். தானியத்தைச் சூடான தண்ணீரில் கழுவினால் லேசான கசப்புப் போகும். மூன்று பங்குக்கு ஒரு பங்கு பாசிப்பருப்பு, நாலு மடங்கு தண்ணீர். மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை, முந்திரி. நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய். அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள். நெய்யில் லாக்டோஸ் அநேகமாக இல்லை என்பதால் பின்னால் டாக்டர் அனுமதிக்கலாம், அதுவரை எண்ணெய்தான். பாசிப்பருப்புப் பாயசம் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டு வை. சேமியா பாயசத்தை மறந்துவிடு, அதில் இரண்டு தடையும் ஒன்றாகக் கூடியிருக்கிறது.

தயிர் இல்லாமல் எப்படி என்று கேட்டாய். இனிப்புச் சேர்க்காத சோயா யோகர்ட் வாங்கு. தேங்காய் யோகர்ட் வேண்டாம், சாதத்தோடு பிசைந்தால் வழுக்கும். சோயாவில் கொஞ்சம் உப்பு, ரெண்டு சொட்டு எலுமிச்சை, கடுகு, இஞ்சி, பச்சைமிளகாய் தாளித்துப் போட்டால் மோர்க்குழம்பு வரைக்கும் தாங்கும். தயிர்சாதம் என்று நினைத்துச் சாப்பிட்டால் ஏமாற்றம்தான். வேறொரு சாதம் என்று நினைத்துச் சாப்பிடு. காப்பிக்குச் சோயாப் பால் சுடச்சுட ஊற்றினால் திரிந்துவிடும், காப்பி கொஞ்சம் ஆறட்டும். ஓட்ஸ் பால் இப்போது கூடாது. லாக்டோஸ்ஃப்ரை என்று விற்பது நிஜமான பசும்பால்தான், சர்க்கரையை மட்டும் உடைத்திருக்கிறார்கள். பால் அலர்ஜிக்காரர்களுக்கு அது விஷம், உன்னைப்போன்றவர்களுக்குப் பிற்பாடு ஒத்துவரும். டாக்டர் சொல்லும்வரை பொறு.

பாலை விட்டால் கால்சியத்துக்கு வழி வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் உண்டு, அரை லிட்டர் பாலில் இருப்பதில் பாதிக்கும் மேல். தோலோடு உள்ள கறுப்பு எள் அதைவிடப் பல மடங்கு. தோல் நீக்கிய வெள்ளை எள்ளில் அவ்வளவு இல்லை. டப்பா மத்தி மீனை முள்ளோடு புளிக்குழம்பில் போடு, முள் தானாகக் கரைந்துவிடும். கருவாடு மட்டும் வேண்டாம், விடுதியை விட்டே துரத்திவிடுவார்கள். சோயாப் பால் வாங்கும்போது கால்சியம் சேர்த்ததா பார். 'பயோ' (இயற்கை வேளாண்மை) என்று எழுதிய வகைகளில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. ஊற்றுமுன் நன்றாகக் குலுக்கு, கால்சியம் அடியில் தங்கும். டாக்டர் கொடுத்த இரும்பு, வைட்டமின் டி மாத்திரைகளை நிறுத்தாதே. அந்தக் குளிர்காலச் சூரியனை நம்பிப் பயனில்லை.

வெளியே சாப்பிடும்போது பல்கலைக்கழக உணவகமான மென்ஸாவில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் பக்கத்தில் ஒவ்வாமைக் குறிகள் போட்டிருப்பார்கள். அதை மட்டும் நம்பாமல் பரிமாறுகிறவரிடம் ஒரு வார்த்தை கேள். சாஸும் சூப்பும் கெட்டியாக மாவு கரைத்து ஊற்றுவார்கள். உருளைக்கிழங்கு ஃப்ரைஸ் வெறும் கிழங்குதானே என்று எடுக்காதே, ரொட்டித்தூள் பூசிய ஷ்னிட்ஸலும் அதே எண்ணெயில்தான் பொரிந்திருக்கும். ரயில் பயணத்துக்கு நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளியோதரை. பீரில் பார்லி இருக்கிறது. நீ அதெல்லாம் தொடுவதில்லை என்று அம்மா நம்பிக்கொண்டிருக்கிறாள், நான் ஒன்றும் சொல்லவில்லை. குளூட்டன் நீக்கிய பீரும் விற்கிறது என்பதை மட்டும் தகவலுக்காகச் சொல்கிறேன்.

யாராவது "இதெல்லாம் இந்தக் காலத்து ஃபேஷன்" என்று சிரித்தால் ஒரு கதை சொல். ஆகனிலிருந்து பஸ் ஏறினால் நெதர்லாந்து எல்லை வந்துவிடுமே, அந்த நாட்டில் வில்லெம் டிக்கெ என்று ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார். இந்த நோய்க்குக் கோதுமைதான் காரணமோ என்று 1930-களிலேயே அவருக்குச் சந்தேகம். 1944-45 குளிர்காலத்தில் போரினால் அங்கே கொடும் பஞ்சம், ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே பட்டினியில் மெலிந்தபோது சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி படுத்துவிட்டார்கள். 1950-ல் அவர் தன் ஆய்வேட்டில் கோதுமையின் பங்கை நிறுவினார். ஃபேஷன் என்கிறவர்கள் அதற்கு மேலும் சிரித்தால் சிரிக்கட்டும். உனக்கு அங்கே இன்னொரு துணையும் உண்டு: ஜெர்மன் சீலியாக் சங்கத்தின் தலைமையகம் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறது. உறுப்பினராகிவிடு, எந்தக் கடைப் பொருள் ஆகும் என்று பட்டியல் தருவார்கள்.

அப்பா பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறார். கேழ்வரகு மாவு, கறுப்பு எள், புதுப் பொடிகள், கருப்பட்டி. பிறகு கோவில்பட்டிக் கடலைமிட்டாய், வெறும் கடலையும் வெல்லமும்தான், உனக்கு எந்தத் தடையும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் வைக்கப்போனார், பிடுங்கி வைத்துவிட்டேன். உனக்கும் ஆகாது, பால் பொருளைத் தபாலில் ஐரோப்பாவுக்குள் அனுப்பவும் விட மாட்டார்கள்.

கடைசியாக, உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். அம்மாவுக்கு ரத்தம் குறைவு என்று வருஷக்கணக்காக இரும்பு மாத்திரை போடுகிறாள், ஏறவே இல்லை. சர்க்கரைக்காக ராத்திரி தவறாமல் சப்பாத்தி. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் இந்த நோய் என்றால் அவளுக்கும் பார்த்துவிடுவதுதான் முறை. நான் சொன்னால் "இந்த வயசில எனக்கென்ன" என்கிறாள். நீ சொன்னால் கேட்பாள். மதுரையிலேயே டிடிஜி ரத்தப் பரிசோதனை எடுக்கிறார்கள், நான் கூட்டிப்போகிறேன். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்: பரிசோதனை முடியும்வரை சப்பாத்தியை நிறுத்தக் கூடாது. நிறுத்திவிட்டால் நோய் இருந்தாலும் ரிசல்ட்டில் தெரியாமல் போய்விடும். வரும் ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
அக்கா